உழவு இயந்திரத்தில் ஏறிவந்த பள்ளிக்கூடம்

பரந்தன் சந்தியில் கிளிநொச்சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் வெண்கட்டி முடிந்துவிட்டது. அதுதான் அன்றைக்கு எனக்கிருந்த பெரிய கவலை. சந்தியில் தேநீர்க் கடை வைத்திருக்கும் வீராயி திடீரென்று றோட்டைக் கடந்து ஓடி வந்தாள். வீராயி ஓடுகிற ஆள் இல்லை. அடுப்பில் பால் பொங்கினாலும் நடந்துதான் போவாள்.

"டீச்சர், நம்ம சிஸ்டரம்மா தவறிட்டாங்களாம். யாழ்ப்பாணத்து பஸ்ல வந்த ஆளு சொல்லிட்டுப் போறாரு. அடக்கமும் முடிஞ்சிருச்சாம். ஆனையிறவுல ஆமிக்காரங்க பஸ்ஸ மறிச்சு வச்சிருந்தாங்களாம், அதான் சேதி இவ்வளவு பிந்திருச்சு."

"விசர்க் கதை கதையாதை!" என்று நடுச்சந்தியில் அவளை ஏசினேன். பாவம், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் வந்தது, போனது. எனக்குப் பொல்லாத கோபம். யாரோடு கோபம் என்று கேட்டால், சிஸ்டரோடுதான். சொல்லாமல் கொள்ளாமல் போவதற்கு அவருக்கு யார் உத்தரவு கொடுத்தது?

சிஸ்டர் எமிலியானாவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரியாதவர்களும் வாசிக்கலாம், ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய மரண அறிவித்தலில் "சாந்தமே உருவானவர்" என்று அச்சடித்திருந்தார்கள். சாந்தமா! எங்கள் சிஸ்டரா! அதை வாசித்துவிட்டு, அழுதுகொண்டிருந்த நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற வீராயியும் விளங்கப்படுத்தியதும் சிரித்தாள். அறிவித்தல் எழுதியவர் அவரோடு ஒரு நாளாவது பள்ளிக்கூடம் நடத்தியிருக்க மாட்டார்.

நாயாற்றுக் கரையில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர் அவர். வலை இழுப்பவர்களோடு கத்திக் கத்திப் பழகிய குரல். செபம் சொன்னாலும் வாய்ப்பாடு சொன்னாலும் வாய்க்காலுக்கு அக்கரையில் கேட்கும். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வீடு எரிபட்டு ஓடி வந்த சனங்கள், எங்கள் குடியேற்றத்திட்டத்தின் கடைசி வாய்க்காலுக்கு அங்கால் காட்டுக்கரையில் குடிசை போட்டிருந்தார்கள். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் எடுத்த குடும்பங்கள். அவர்கள் எங்கள் வயல்களுக்குக் கூலிக்கு வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் கேட்டால், "இடமில்லை" என்று ஒரே பதில். இந்த நேரத்தில்தான் கன்னியாஸ்திரிகளின் வெள்ளை உடுப்போடு ஒரு சைக்கிளில் சிஸ்டர் வந்து இறங்கினார். இறங்கினார் என்றால் மரியாதைக்குச் சொல்கிறேன். எங்கள் வீட்டுப் படலையடியில் மணலுக்குள் சறுக்கி விழுந்தார்.

எழும்பி உடுப்பைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "நீர்தானே பத்தாம் வகுப்புப் படிச்ச பிள்ளை?" என்றார்.

"ஓம்."

"வீட்டில என்ன செய்யிறீர்?"

"ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப நாளைக்கு எட்டு மணிக்கு வாய்க்காலுக்கு அங்கால வாரும்."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை. அதுதான் வரச் சொல்லுறன்."

நான் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஒருவர் அவ்வளவு உரிமையோடு கூப்பிட்டால் போகாமல் எப்படி இருப்பது? அப்பாவுக்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை. "உவா வேதக்காரி. கொஞ்ச நாள் படிப்பிச்சுப் போட்டுச் சனத்தை மாத்தப் பாப்பா. நீ திருநீறு பூசிற பிள்ளை, பின்னால திரியாதை" என்றார். எனக்கு மனதில் எதையும் வைத்திருக்கத் தெரியாது. அடுத்த நாளே அதைச் சிஸ்டரின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வந்ததே ஒரு கோபம்! "என்ர சாமி என்னோட இருக்கட்டும், அவையின்ர சாமி அவையோட இருக்கட்டும். மூண்டும் நாலும் ஏழு எண்டு சொல்லிக் குடுக்கிறதுக்குச் சாமியளை ஏன் கரைச்சல் படுத்துவான்?" என்றார். காலையில் பிள்ளைகள் மாரியம்மன் பாட்டுப் பாடி வகுப்பைத் தொடங்குவார்கள். அவர் ஒரு மூலையில் நின்று சத்தமில்லாமல் சிலுவை போட்டுக்கொள்வார். அவர் சத்தமில்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

தடிகள் நட்டு, மேலே கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில், அதுதான் பள்ளிக்கூடம். பிள்ளைகள் இருந்தார்கள், ஆனால் நேரத்துக்கு வரமாட்டார்கள். மடத்திலிருந்து கொண்டுவந்த கைமணியைச் சிஸ்டர் கை நோக அடிப்பார். ஒரு குஞ்சும் அசையாது. கடைசியில் வீராயியின் புருசன் கறுப்பையாவைப் பிடித்துக் கேட்டார்: "தோட்டத்தில காலமை உங்களை என்னெண்டு எழுப்பிறவை?"

"தப்படிப்பாங்க சிஸ்டரம்மா. தப்புச் சத்தம் கேட்டா ஒருத்தரும் லயத்து வீட்டுல இருக்க மாட்டாங்க."

"உங்களிட்ட தப்பு இருக்கோ?"

கறுப்பையாவின் முகம் மலர்ந்துவிட்டது. வீடு எரிந்தபோது சட்டி பானையை விட்டுவிட்டுத் தப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர் அவர். அதற்காக வீராயி அவரை ஏசாத நாள் இல்லை.

"அப்ப நாளைக்கு விடிய அதை அடியுங்கோ!" என்றார் சிஸ்டர். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட சந்தோசம் அவருக்கு.

அடுத்த நாள் காலையில் தப்பு முழங்கியது பாருங்கள், எங்கள் வீட்டுக் குசினிவரை அதிர்ந்தது! நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். கொட்டிலுக்கு முன்னால் நான் கண்ட காட்சியை என்னவென்று சொல்வது! ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. ஆண்களின் தோளில் மண்வெட்டி. பெண்கள் இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கட்டி, தலையில் துண்டு போட்டு நின்றார்கள். தப்பை அடித்த கறுப்பையாவே அதைக் கீழே வைத்துவிட்டு ஆண்களின் வரிசையில் போய் நிமிர்ந்து நின்றார். ஒரு பிள்ளை, மருந்துக்கும் ஒரு பிள்ளை அங்கே இல்லை.

வீராயி வரிசையிலிருந்து கேட்டாள்: "இன்னிக்கு எந்த மலைங்க சிஸ்டரம்மா?"

தட்டைத் தரையான இந்த வன்னியில் ஏது மலை? எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பிறகுதான் விசாரித்து அறிந்தோம். தோட்டத்தில் அந்த நேரத் தப்பு, கூலிக்காரரை வேலை பிரிக்கக் கூப்பிடுகிற தப்பு. அதற்குப் பெரட்டு என்று பெயர். தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டும் அவர்கள் பேச்சில் ஒரு மலை. பெரட்டுத் தப்புக் கேட்டால் தாய்மார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓராளிடம் விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். கறுப்பையாவுக்கும் தப்பென்றால் அந்த அடி ஒன்றுதான் கைக்கு வந்திருக்கிறது. சிஸ்டர் ஏதோ வேலை பிடித்துத் தந்திருக்கிறார் என்று நம்பிச் சனம் திரண்டு வந்துவிட்டது.

நான் சிரிக்க, சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு தொண்டைக்குள் போய்விட்டது. ஏனென்றால் எங்கள் வயலுக்கு ஆட்களை ஏற்றுகிற உழவு இயந்திரம் அந்த நேரத்தில் ஒழுங்கைமுனையில் வந்து நின்று, ஒருவரையும் காணாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அன்றைய கூலி போயிற்று. சிஸ்டருக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. எல்லாருக்கும் முன்னால் நின்று, "பிழை என்ரது. எனக்குத் தெரியாமப் போச்சு. என்னோட வாங்கோ" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். வரிசை கலையாமல் எல்லாரும் அவருக்குப் பின்னால் வரம்பில் நடந்தார்கள். நேரே எங்கள் வயலுக்கு!

அப்பா களை பிடுங்க ஆளில்லாமல் வரம்பில் நின்று கத்திக்கொண்டிருந்தார். சிஸ்டரைக் கண்டதும் கத்தல் இன்னும் கூடியது. "விடியக் காத்தால சனத்தை மறிச்சு வச்சு என்ன கூத்து நடத்திறியள் சிஸ்டர்?"

"மறிச்சது நான். ஏசிறதெண்டால் என்னை ஏசுங்கோ, இவைக்கு வேலையைக் குடுங்கோ."

"வெய்யில் ஏறீட்டுது. இனித் தொடங்கி இந்த ஆக்களோட முடியாது."

"அப்ப ஓராளைக் கூட்டிக்கொள்ளுங்கோ" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, உடுப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டார். இறங்கியது சரி. கடற்கரைக்காரிக்கு நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா? இரண்டு கையாலும் பிடுங்கிப் பிடுங்கி எறிகிறார். "ஐயையோ சிஸ்டரம்மா, அது நெல்லுங்க!" என்று பெண்கள் அலறுகிறார்கள். அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு வரம்பில் குந்திவிட்டார். "சிஸ்டர், உங்களுக்குக் கும்பிட்டன், தயவுசெய்து ஏறுங்கோ! எவ்வளவு நேரம் போனாலும் பறவாயில்லை, அவையே பிடுங்கட்டும்."

சிஸ்டர் முழங்கால் வரை சேற்றோடு மேலே ஏறி வந்து என் காதுக்குள், "பாத்தீரோ, ஒத்துக்கொண்டிட்டார்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வந்தது. பெரியவர்கள் வயலுக்கு ஏறிப் போன பிறகுதான் தப்பு. அதுவும் பெரட்டு அடி இல்லை. கறுப்பையா பிள்ளைகளுக்கென்றே ஒரு துள்ளல் அடி கண்டுபிடித்தார். அதைக் கேட்டால் எனக்கே ஆட வரும். பிள்ளைகள் விழுந்தடித்து ஓடி வருவார்கள். மூக்கு ஒழுக வருகிறவர்களைப் பார்த்து நான் முகத்தைச் சுளித்தால், சிஸ்டர் "முதல்ல மூக்கைத் துடைச்சு விடும், பிறகு முகத்தைச் சுளியும்" என்பார். நான் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகப் புறப்பட்டால், "கோவம் வகுப்பு முடிஞ்சாப் பிறகு வரட்டும்" என்பார். வகுப்பு முடிந்ததும் கோபம் எங்கே போனதென்றே தெரியாது.

ஆனால் ஒரு பெரிய கண்டம் எங்கள் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. அரசாங்கம் ஏற்றுக்கொள்ளாத கொட்டிலில் எவ்வளவு படித்தாலும் அது படிப்பு இல்லை. புத்தகம் தரமாட்டார்கள், ஆசிரியர் தரமாட்டார்கள், அடுத்த வகுப்புக்கு எங்கேயும் சேர்க்கமாட்டார்கள். வீராயியின் மகள் பேச்சி, கொட்டிலில் படிக்கக்கூடிய எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுக் கடையில் சீனி சுற்றித் தந்த பேப்பரை வாசித்துக்கொண்டிருந்தாள். கொட்டிலைப் பள்ளிக்கூடமாக ஏற்காவிட்டால் அவளுக்கு அடுத்தது வயல்தான். சிஸ்டர் கல்விக் கந்தோருக்கு நடந்த நடையில், அவருடைய சைக்கிள் மணி கேட்டாலே அங்கிருந்த பியோன் பின்பக்கம் போய் ஒளித்துக்கொள்வானாம். கடைசியில் கரைச்சல் தாங்காமல் அதிகாரி ஒரு நாள் குறித்தார். "வந்து பார்ப்பேன். பிள்ளைகள் இருந்து படித்தால் யோசிக்கலாம். கொட்டில் காலியாக இருந்தால் இனி இந்தப் பக்கம் வரக்கூடாது."

அவர் குறித்த நாளைப் பாருங்கள்! அரிவு வெட்டு உச்சத்தில் நிற்கிறது. எங்கள் வயலில் வெட்டிய கதிர் முழுவதும் தரையில் கிடக்கிறது, வானமோ பருவம் தப்பி மூடிக்கொண்டு வருகிறது. "நாளைக்குக் குஞ்சு குருமன் மிச்சமில்லாமல் எல்லாரும் வந்து கதிர் தூக்கோணும்" என்று அப்பா சொல்லிவிட்டார். பின்னேரம் சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரக் கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

"நாளைக்கு மட்டும் பிள்ளையளை விடுங்கோ. இந்த ஒரு நாள் பிழையாப் போனால் எல்லாம் முடிஞ்சுது."

"மழை உங்கட அதிகாரியைக் கேட்டே வாறது, சிஸ்டர்?"

"அதிகாரியும் மழையைக் கேட்டு வரேல்லை!"

"என்ர ஒரு வருசப் பாடு தரையில கிடக்குது. நான் என்ன செய்ய?"

இரண்டு பேரும் சரி. எனக்கு யார் பக்கம் பேசுவதென்று தெரியாமல் இரண்டு பேரையும் ஏசினேன். அடுத்த நாள் காலையில் அதைத் தீர்த்து வைத்தது வீராயி. வயலுக்கு வந்து அப்பாவுக்கு முன்னால் நின்று, "ஐயா, புள்ளைங்க பங்கையும் நாங்களே தூக்குறோம். மத்தியானச் சோத்துக்கும் வேலைய நிறுத்த மாட்டோம். அதுகள விட்டுருங்க" என்றாள். மற்றப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அப்பா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அன்றைக்குக் கொட்டிலைப் பார்க்க வேண்டுமே! எண்ணெய் வழிய வாரிய தலைகள், கழுவிய முகங்கள், நிறைந்துபோய் இருக்கிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அதிகாரி வரவில்லை. பத்து மணி போயிற்று, பதினொன்று போயிற்று. சிஸ்டர் வாசலுக்கும் பலகைக்கும் நடந்து நடந்து ஓய்ந்துவிட்டார். மத்தியானம் தாண்டித்தான் ஜீப் வந்தது. இருந்த ஒரே கதிரையில் அதிகாரி உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆராவது வாசியுங்கோ பாப்பம்" என்றார். பேச்சி எழுந்தாள். கணீரென்று வாசிக்கத் தொடங்கினாள். நான் சிஸ்டரைப் பார்த்தேன், சிஸ்டர் என்னைப் பார்த்தார். எங்கள் காரியம் வெற்றி, இன்னும் கொஞ்ச நேரம்தான்!

அப்போது இடித்தது. கிடுகில் பொட்டுப் பொட்டென்று துளி விழுந்தது. கொட்டிலுக்குச் சுவர் இல்லை. வயல் அப்படியே தெரியும். கதிர்கள் பரவிக் கிடக்கின்றன. தாய்மார் சுமையோடு அங்கும் இங்கும் ஓடுகிறார்கள். தூக்குகிற ஆட்கள் போதாது என்பது இங்கிருந்தே தெரிந்தது. பேச்சி வாசிப்பை நிறுத்திவிட்டாள்.

"சிஸ்டரம்மா, கதிரு நனையுது. அம்மா தனியாத் தூக்குது."

"நீ வாசி" என்றார் அதிகாரி.

பேச்சி வாசிக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் சிஸ்டரைத்தான் பார்த்தார்கள். நான் அவருக்குப் பின்னால் நின்று "வேண்டாம் வேண்டாம்" என்று தலையை ஆட்டினேன். ஏலுமென்றால் அத்தனை பிள்ளைகளையும் பிடித்துக் கட்டிவைத்திருப்பேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். பிறகு அந்த நாயாற்றுக் குரல் வெடித்தது.

"புத்தகத்தை மூடுங்கோ! ஓடுங்கோ!"

கொட்டில் ஒரு நொடியில் காலி. எல்லாருக்கும் முன்னால் சிஸ்டர் ஓடுகிறார். கதிரையில் அதிகாரி வாயைத் திறந்தபடி இருக்கிறார். "ஐயா, ஒருக்கால் இருங்கோ, இப்ப வந்திடுறன்" என்று சொல்லிவிட்டு நானும் ஓடிவிட்டேன். வேறு என்ன செய்வது?

அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. சின்னது சின்னதாகக் கதிரை அள்ளிக்கொண்டு பிள்ளைகள் களத்துக்கு ஓடுகிறார்கள், வெறுங்கையோடு திரும்பி ஓடுகிறார்கள். களத்தில் சூடு என்று குவித்த கதிர்களின் மேல் கறுப்பையா ஏறி நின்று அடுக்குகிறார். அப்பா படங்கை இழுத்து மூடினால் காற்று அதைத் தூக்கி எறிகிறது. "பிள்ளையள், ஓரத்தில ஏறி இருங்கோ!" என்று சிஸ்டர் கத்தினார். படங்கின் ஓரம் முழுக்கச் சுற்றிவரப் பிள்ளைகள் ஏறி இருந்துவிட்டார்கள். ஒரு மூலையில் சிஸ்டர். மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்! அப்பா ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே நின்றார். படங்கு அசையவில்லை.

மழை விட்டதும் கொட்டிலுக்குத் திரும்பினோம். ஜீப் இல்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்! "உங்களுக்கு விசரே சிஸ்டர்? இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் இந்தப் பிள்ளையளின்ர வாழ்க்கை சரிவந்திருக்கும். எங்கட அப்பாவின்ர நெல்லுக்காக எல்லாத்தையும் கெடுத்துப் போட்டியளே!"

"கொப்பரின்ர நெல்லு மட்டுமே அது? இவையின்ர தாய் தேப்பன்ர கூலியும் அதுக்குள்ள கிடக்குது. அது இவையின்ர சோறு பிள்ளை. சோத்தை நனைய விட்டிட்டு வாசியெண்டு நான் என்னெண்டு சொல்லுறது?"

அப்படிச் சொன்னவர் கதிரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எனக்கு அவரை ஏசவும் முடியவில்லை, தேற்றவும் தெரியவில்லை. பேச்சி கிட்டப் போனாள். சட்டைக்குள் செருகி நனையாமல் காத்த புத்தகத்தை வெளியே எடுத்தாள். "சிஸ்டரம்மா, மிச்சத்த வாசிக்கவா?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அப்பா துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "எங்க அந்த மனுசன்?"

"போட்டார்."

"போட்டாரோ? பாக்க வந்தவர் பாக்காமல் என்னெண்டு போவார்?" அப்பாவின் குரல் ஏறியது. "என்ர நெல்லைக் காப்பாத்தப் போயே இதுகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாமல் போறது? எழும்புங்கோ சிஸ்டர். எல்லாரும் பெட்டியில ஏறுங்கோ!"

எங்கள் உழவு இயந்திரம் பின்னால் இழுக்கிற பெட்டி நிறையப் பிள்ளைகள். சேறும் தண்ணீருமாக நடுவில் சிஸ்டர், பக்கத்தில் வீராயி, ஓரத்தில் தொங்கிக்கொண்டு நான். அப்பா ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, அந்த இயந்திரத்துக்கு அவ்வளவு வேகம் இருந்தது எங்களுக்கே தெரியாது.

"மெல்ல ஓட்டுங்கோ! பிள்ளையள் விழப்போகுது!"

"பேசாமல் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ சிஸ்டர்! கந்தோர் பூட்டப் போறாங்கள்!"

"நீங்கள் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தானே கந்தோர்!"

வழிநெடுக இரண்டு பேரும் இப்படியே. பிள்ளைகளோ இதையெல்லாம் காதில் வாங்காமல் ஏழாம் வாய்ப்பாட்டை உச்சக் குரலில் பாடிக்கொண்டு வந்தார்கள். கிளிநொச்சிக் கடைத்தெருவில் சனம் வெளியே வந்து பார்த்தது. ஒருவர் "என்ன, திருவிழாவோ?" என்று கேட்டார். "ஓம்!" என்று கத்தினேன்.

கந்தோர் வாசலில் பியோன் யன்னலைச் சாத்திக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் அவனுக்குக் கை ஓடவில்லை. அதிகாரி தேநீர்க் கோப்பையோடு விறாந்தைக்கு வந்தார். அப்பா இயந்திரத்தை நிற்பாட்டாமலே கத்திச் சொன்னார்: "ஐயா, நீங்கள் பள்ளிக்கூடத்தைப் பாக்க வந்தனீங்கள். முழுக்கப் பாக்காமல் போட்டியள். அதுதான் ஏத்திக்கொண்டு வந்திருக்கிறன். பாருங்கோ!"

"இதென்ன, கந்தோரோ சந்தையோ?"

சிஸ்டர் பெட்டிக்குள் திரும்பினார். "பேச்சி, விட்ட இடத்தில இருந்து வாசி" என்றார்.

பேச்சி பெட்டியில் நின்று வாசித்தாள். உழவு இயந்திரம் உறுமுகிற உறுமலுக்கு மேலால் அவள் குரல் கேட்டது. அப்பா குனிந்து இயந்திரத்தை நிற்பாட்டினார். கந்தோரில் இருந்தவர்கள் எல்லாரும் விறாந்தைக்கு வந்துவிட்டார்கள். அவள் பாடத்தை முடித்துவிட்டு, கேட்காமலே அடுத்த பாடத்தையும் தொடங்கினாள்.

அதிகாரியின் மனம் இளகியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. "காணும், காணும், நிப்பாட்டு. யோசிச்சு அறிவிக்கிறம்" என்றார். "அப்ப யோசிச்சு முடியுமட்டும் இஞ்சயே இருக்கிறம். பிள்ளையள், இறங்கி விறாந்தையில இருங்கோ" என்றார் சிஸ்டர். சேறு வழிகிற அந்தக் கால்களைப் பார்த்தார் அதிகாரி. சீமெந்து மினுங்குகிற தன் விறாந்தையைப் பார்த்தார். "இறக்காதேங்கோ! இறக்காதேங்கோ!" என்று பதறிக்கொண்டு உள்ளே ஓடினார். அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். அடுத்த தவணை தொடங்கும்போது பேச்சி அரசாங்கப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாள்.

திரும்பி வரும்போது அப்பா மெல்ல ஓட்டினார். "சிஸ்டர், சூடடிச்சு முடிய மடத்துக்கு ஒரு மூட்டை நெல்லு அனுப்பிறன்" என்றார். "மடத்துக்கு வேண்டாம், கொட்டிலுக்கு அனுப்புங்கோ. பிள்ளையளுக்கு மத்தியானம் கஞ்சி காய்ச்சலாம்" என்றார் சிஸ்டர். அப்பா கண்ணை மூடும்வரை அந்தக் கஞ்சி நிற்கவில்லை. அவர் சிஸ்டரை வேதக்காரி என்று சொல்வதையும் நிறுத்தவில்லை. "எங்கட வேதக்காரி" என்று ஒரு சொல்லைக் கூட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

பிறகு கொட்டில் போய்த் தகரக் கூரை வந்தது. போர்க்காலச் செல் குண்டடியில் கூரை ஓட்டையானது. ஓட்டைக்குக் கீழே வெயில் விழுந்த இடத்தில் சிஸ்டர் சூரியனைப் பற்றிப் பாடம் நடத்தினார். மலேரியா அவரை ஓயாமல் பிடித்தது. போன வருடம் காய்ச்சலோடு யாழ்ப்பாணத்து மடத்துக்குக் கொண்டுபோனார்கள். பார்க்கப் போனேன். எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தவர் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "இண்டைக்கு வகுப்பில்லையே?"

"சனிக்கிழமை சிஸ்டர்."

"சனிக்கிழமையெண்டால்?"

அங்கேயும் சண்டை பிடித்துக்கொண்டுதான் எழுந்து வந்தேன். அதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து சண்டை பிடித்திருப்பேன்.

செய்தி வந்த அன்றைக்கு வெண்கட்டி வாங்காமல் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். பெரிய ஆட்கள் இறந்தால் பள்ளிக்கூடம் விடுவதுதானே வழக்கம்? பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள் என்று எல்லா வகுப்புக்கும் சொல்லிக்கொண்டு போனேன். நான்தான் இப்போது தலைமை ஆசிரியை. முதலாம் வகுப்பு வாசலில் பேச்சி மறித்தாள். ஓம், அதே பேச்சிதான். இப்போது எங்களோடு படிப்பிக்கிறாள். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன.

"ஏன் டீச்சர் விடுறீங்க?"

"சிஸ்டர் செத்துப்போனாவாம், பிள்ளை!"

"தெரியும். அம்மா சொல்லிவிட்டுச்சு. அதுக்கு ஏன் இந்தப் புள்ளைங்களுக்குப் படிப்பு போகணும்? சிஸ்டரம்மா எழும்பி வந்து கேட்டா நீங்க என்ன பதில் சொல்லுவீங்க? நான் விடமாட்டேன்!"

தலைமை ஆசிரியையைப் பார்த்துக் கத்துகிறாள்! நானும் கத்தினேன். சந்தோசத்திலா துக்கத்திலா என்று கேட்காதீர்கள், இரண்டும்தான். நானும் கத்தினேன். மரியாதை தெரியாதவள் என்றேன். அவள் கதவை மூடிக்கொண்டு உள்ளே போய் "அ" எழுதத் தொடங்கிவிட்டாள். நான் விறாந்தையில் தனியாக நின்றேன். பிறகு மூன்றாம் வகுப்புக்குப் போய், அழுதுகொண்டே பெருக்கல் கணக்குப் போட்டேன்.

அவருடைய செபமாலையை மடத்தில் வைத்திருக்கிறார்களாம். சைக்கிளை யாரோ கேட்டு வாங்கிக்கொண்டு போனார்களாம். எனக்கென்று வைத்துக்கொள்ள அவரோடு பிடித்த சண்டைகள் இருக்கின்றன. அத்தனையிலும் தோற்றவள் நான். அவற்றில் ஒன்றைக்கூட நான் எவருக்கும் கொடுக்க மாட்டேன்.